புகையை நிறுத்துவோம், பொருளையும் உயிரையும் காப்போம்

ஸ்ரீ விஜயபுரத்தின் மின்னி பே முதல் குமரிமுனை வரை, பல்லாண்டுகளாகப் புகைப்போர் பலர் "இனி நிறுத்தி என்ன பயன்?" என்று எண்ணுவதுண்டு. பயன் உண்டு.

கடைசிச் சிகரெட்டை அணைத்த 20 நிமிடங்களில் இதயத் துடிப்பு தணியத் தொடங்குகிறது. ஓராண்டில், புகையால் கூடியிருந்த இதயநோய் அபாயம் ஏறத்தாழப் பாதியாகிறது.

முதல் நாள்களில் தோன்றும் எரிச்சலும் உறக்கமின்மையும் மனவுறுதிக் குறைவல்ல. நிக்கோட்டின் உடலை விட்டு நீங்குவதன் அறிகுறிகளே. சில வாரங்களில் அவை பெரும்பாலும் தணியும். ஒருமுறை தவறினாலும் மீண்டும் முயல்வோம். 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

நாள்தோறும் 100 ரூபாய் புகையாய்ப் போனால், ஆண்டுக்கு 36,500 ரூபாய் இழக்கிறோம். அத்தொகையை மாதந்தோறும் தொடர் வைப்புக் கணக்கில் சேர்ப்போம். அதன் பயனை நுகர நலமுடன் வாழ்வோம்.