கடைக்கு வரும் வெளிநாட்டு மாணவர்: சுவாமிமலை காட்டும் வழி

கும்பகோணத்துக்கு மேற்கே சில கல் தொலைவில், காவிரிக்கரையில் இருக்கிறது சுவாமிமலை. அறுபது படி ஏறி சுவாமிநாதனைத் தரிசிக்க வருவோர் ஒருபுறம் இருக்க, சிற்பப் பட்டறைகளைத் தேடி வருவோரும் அங்கே உண்டு. அவர்களில் வெளிநாட்டவரும் இருக்கிறார்கள். விக்கிரகம் விலை பேசிவிட்டுத் திரும்புகிறவர்கள் மட்டுமல்ல, மெழுகைக் கையில் எடுத்து உட்கார்ந்து தொழில் கற்றுக்கொள்ள வருகிறவர்களும் உண்டு.

"ஸ்தபதிகளுக்கு அது சரி. மளிகைக் கடைக்கும் நெல் மண்டிக்கும் இதில் என்ன இருக்கிறது?" என்று நமது உறுப்பினர்கள் கேட்கலாம். இருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

அவர்கள் நாட்டு வழக்கம்

நம் ஊரில் கடைப்பையன் பொட்டலம் கட்டிக் கட்டியே வியாபாரம் கற்கிறான். ஜெர்மனியில் சில்லறை வணிகம் என்பதே முறையாகப் பயிலும் ஒரு தொழில். விற்பனையாளர் பயிற்சிக்கு இரண்டு ஆண்டுகள், சில்லறை வணிகர் பயிற்சிக்கு மூன்று ஆண்டுகள். வாரத்தில் பெரும்பாலான நாட்கள் கடையிலும், ஓரிரு நாட்கள் தொழிற்பள்ளியிலும் கழியும். அந்நாட்டின் 2005ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சிச் சட்டப்படி, பயிற்சிக் காலத்தில் நான்கில் ஒரு பங்கு வரை வெளிநாட்டில் கழிக்கலாம். மூன்றாண்டுப் பயிற்சி என்றால் ஒன்பது மாதம் வரை. ஆகவே நாளை நம் கடை வாசலில் வந்து நிற்பவர் ஊர் சுற்ற வந்தவராக இல்லாமல், கொள்முதலும் இருப்பும் கணக்கும் படிக்கிற ஒரு வணிக மாணவராகவும் இருக்கலாம்.

பட்டறையில் பார்க்க வேண்டியது

சுவாமிமலையில் வேலை படிப்படியாக நடக்கிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருவம் செய்கிறார்கள். தென்னை ஓலையை மடித்து அங்க அளவு பார்க்கிறார்கள். காவிரி வண்டல் மண்ணை அதன் மேல் பூசிக் காய வைத்து, சூடேற்றி மெழுகை வெளியேற்றுகிறார்கள். உருக்கிய உலோகத்தை அந்த இடத்தில் ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்து, உளியால் செதுக்கி முடிக்கிறார்கள்.

புதிதாக வந்தவரை உலோகம் ஊற்றும் இடத்தில் யாரும் நிறுத்த மாட்டார்கள். முதலில் மெழுகு, பிறகு மண், நெருப்பருகே வெகு நாள் கழித்து. எந்த வேலையைப் பிறர் கையில் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பது பட்டறைக்காரருக்குத் தெரியும். நாம் கற்க வேண்டிய முதல் பாடம் இதுதான்.

இரண்டாவது பாடம், இடம் கொடுத்தவருக்குக் கிடைக்கும் பலன். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த தொல்லியல் பேராசிரியர் தாமஸ் லெவி, பழங்கால மக்கள் செம்பை எப்படி உருக்கினார்கள் என்று ஆராய்பவர். அதற்கு விளக்கம் தேடி சுவாமிமலைப் பட்டறைக்கு வந்தார். அதன் விளைவாக 2008இல் ஜெர்மனியின் போகும் நகரச் சுரங்க அருங்காட்சியகம் ஒரு நூலை வெளியிட்டது. அதில் பேராசிரியர் பெயரோடு ராதாகிருஷ்ண ஸ்தபதி, ஸ்ரீகண்ட ஸ்தபதி, சுவாமிநாத ஸ்தபதி ஆகிய மூன்று சகோதரர்களின் பெயர்களும் நூலாசிரியர்களாக இடம் பெற்றுள்ளன. வந்தவர் தெரிந்துகொண்டு போனார். சொல்லிக் கொடுத்தவர் பெயரும் உலகறிய நின்றது. இப்படிப்பட்ட பேரை விளம்பரம் கொடுத்து வாங்க முடியாது.

காகிதம் சரியாக இருக்கட்டும்

நல்ல மனதோடு செய்த காரியம் காவல் நிலையம் வரை போகக் கூடாது. கீழ்க்கண்டவற்றை உறுப்பினர்கள் மறக்க வேண்டாம்.

ஒன்று: சுற்றுலா விசாவில் வந்தவரைக் கடையில் வேலைக்கு வைக்கக் கூடாது. கைவினை, சமையல், இசை போன்றவற்றைக் குறுகிய காலம் கற்க அந்த விசாவில் இடம் உண்டு. ஆனால் அது முறையான பாடத்திட்டமாக இருக்கக் கூடாது, தேர்ச்சிச் சான்றிதழோ பட்டயமோ தரக் கூடாது. அன்பாக ஒரு சான்றிதழ் அச்சடித்துக் கொடுத்தாலும் மாணவருக்கு அது தொல்லையாக முடியலாம்.

இரண்டு: நிறுவனத்தில் பயிற்சி பெற வருவோருக்கு இன்டர்ன் விசா என்று தனி வகை இருக்கிறது. இதில் நிறுவனம் தர வேண்டிய குறைந்தபட்ச ஊதியத்தை அரசு விதித்திருக்கிறது. சிறு கடைக்கு அது கட்டுமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு பிறகு சம்மதம் சொல்லுங்கள்.

மூன்று: வெளிநாட்டவரைத் தங்க வைத்தால், அது லாட்ஜாக இருந்தாலும் சொந்த வீட்டு மாடி அறையாக இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையம் வழியே தகவல் தர வேண்டும். படிவம் சி என்று நாம் அறிந்தது இதுவே. 2025இல் புதிய சட்டம் வந்த பிறகும் இந்தக் கடமை நீங்கவில்லை.

நான்கு: மாணவர் ஊர் திரும்பும்போது விக்கிரகம் வாங்கினால் ரசீது கொடுங்கள். நூறாண்டு கடந்த சிலைகளை வெளியே கொண்டுபோகத் தடை உண்டு. புதிதாகச் செய்ததுதான் என்பதற்குத் தொல்லியல் துறையின் சான்று தேவைப்படும்.

கடையில் என்ன சொல்லித் தருவது?

வந்தவரை நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி கொடுத்துக்கொண்டே இருந்தால் அவர் எதுவும் கற்க மாட்டார். சம்பளமில்லாத ஆள் கிடைத்தார் என்று மூட்டை இறக்கச் சொன்னால் அவரும் கற்க மாட்டார், நம் பெயரும் கெடும். வரும் முன்பே ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை வாரம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வார விடுமுறை எது, யாருடைய பொறுப்பில் இருப்பார், உடல்நலக் காப்பீடு இருக்கிறதா என்று.

முதல் வாரம் சரக்கை அடையாளம் காணட்டும். பொன்னிக்கும் இட்லி அரிசிக்கும் என்ன வேறுபாடு, புது அரிசி ஏன் குழையும், துவரம்பருப்பில் தரம் பார்ப்பது எப்படி என்பதெல்லாம் அவருக்குப் புதிது. இரண்டாம் வாரம் கும்பகோணம் கொள்முதலுக்கு அழைத்துப் போங்கள். வெற்றிலை மண்டியில் பேரம் எப்படி நடக்கிறது என்று காட்டுங்கள். பிறகு இருப்புக் கணக்கு. கல்லாவும் கடன் நோட்டும் மட்டும் நம் கையிலேயே இருக்கட்டும். வாடிக்கையாளர் வீட்டுக் கடன் விவரம் வெளியார் பார்வைக்கு உரியது அல்ல.

சுத்தமான கழிப்பறை, குடிதண்ணீர், காரம் குறைந்த சாப்பாடு இவை அவசியம். பெண் பிள்ளை வந்தால், உள்ளிருந்து தாழிடக்கூடிய தனி அறையும், வீட்டுப் பெண்கள் உடனிருக்கும் இடமும் வேண்டும்.

நமக்கு என்ன லாபம்?

வெளியாள் கேட்கிற கேள்வி நம் கண்ணைத் திறக்கும். "இந்தச் சரக்கு ஏன் மூன்று மாதமாக இதே தட்டில் இருக்கிறது?" என்று அவர் கேட்டால் நாம் பதில் சொல்லியாக வேண்டும். முப்பது வருடப் பழக்கத்தில் நாம் பார்க்காமல் விட்டதை மூன்று வாரத்தில் அவர் பார்த்துவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. படித்த பிள்ளைகள் அப்பாவின் கடையை விட்டுப் போவது நம் சங்கத்தில் எல்லோர் வீட்டிலும் உள்ள கவலை. கடல் கடந்து ஒருவர் வந்து நம் தராசருகே நின்று குறிப்பெடுப்பதை வீட்டுப் பிள்ளை பார்த்தால், இந்தத் தொழிலிலும் படிக்க விஷயம் இருக்கிறது என்று அவனுக்கோ அவளுக்கோ தோன்றலாம். தோன்றாமலும் போகலாம். ஆனால் சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கே நம் தொழிலின் அளவு தெரிகிறது.

சுவாமிமலை வெண்கலச் சிற்பங்களுக்கு 2008-09இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறைக் கதவு வந்தவருக்குத் திறந்திருந்ததால் அந்தத் தொழில் குறைந்துவிடவில்லை. நம் கடைக் கதவும் திறந்துதான் இருக்கிறது. கேட்டு வருகிற மாணவரிடம் முதலில் விசாவைப் பாருங்கள், பிறகு "வாங்க தம்பி, உட்காருங்க" என்று சொல்லுங்கள்.