செய்த வேலையைக் காட்டுங்கள்

"கோர்ஸ் முடிஞ்சிருச்சு, சர்டிபிகேட்டும் இருக்கு. வேலை ஏன் இன்னும் கிடைக்கல?" வெப் பக்கம் கட்டப் படித்த பிள்ளைகளின் பெற்றோர் பலர் கேட்பது இது. வேலை கொடுப்பவர் பிள்ளை தானாகச் செய்த பக்கங்களையும் திறந்து பார்ப்பார், அதுதான் காரியம்.

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் ஓரளவு தெரிந்தால் தொடங்கலாம். பாடத்தில் வந்த கல்குலேட்டரையே காட்டினால் அது யார் கைவேலை என்று தெரியாது. சொந்த ஊர்க் கணக்கை எடுங்கள். மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை, மீன் நிறை, விலை, வள்ளத்து மண்ணெண்ணெய்ச் செலவு மூன்றையும் போட்டால் மிச்சம் காட்டும் பக்கம் செய்யலாம். நம்ம தோட்டத்துப் பிள்ளைக்கு அம்மா எடுத்த கொழுந்து இருக்கிறது: நாளுக்கு எத்தனை கிலோ, மாதக் கூட்டு எவ்வளவு. சம்பளத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வீட்டுக்கும் உதவும்.

எண் போடும் இடத்தில் எழுத்தைப் போட்டால் என்ன ஆகும்? சின்னப் போனில் ஒழுங்காக வருதா? மூடித் திறந்தால் நேற்றைய கணக்கு இருக்கா? அதற்கு பிரவுசரிலேயே லோக்கல் ஸ்டோரேஜ் உண்டு. இப்படிப் பார்த்துச் சரிசெய்த ஒரு பக்கம், அரைகுறையான பத்துப் பக்கத்துக்கு மேல்.

2008இல் வந்த கிட்ஹப் பேஜஸில் பக்கத்தை இலவசமாக ஏற்றலாம். அங்கே போடுவதை யாரும் பார்க்கலாம். ஆகவே அம்மாவின் பெயர், ஈ.பி.எப். இலக்கம் எதையும் சேர்க்காமல் மாதிரிக் கணக்கைப் போடுங்கள்.