எஞ்சினை இறக்கும் முன்

பழைய டீசல் எஞ்சினில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். அது எப்போது கேட்கிறது? என்ன வேகத்தில் அடிக்கிறது? எந்த இடத்திலிருந்து வருகிறது? இந்த மூன்றும் தெரிந்துவிட்டால், கோளாறு வெறும் தளர்ந்த போல்ட்டா, எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டிய பேரிங் தேய்மானமா என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அதற்கான சோதனைகளில் பலவற்றுக்கு ஒரு ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் போதும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இது பலருடைய பிழைப்போடு சேர்ந்த விஷயம். ராஜபாளையம் மில்களின் நூல், சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி, மலையடிவாரத் தோப்புகளின் மாங்காய், தேங்காய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு வரும் பால் எல்லாம் சின்ன லோடு வண்டிகளை நம்பி இருக்கின்றன. 1986-ல் வந்த டாடா 407, 2005-ல் வந்து ‘குட்டி யானை’ என்று பெயர் வாங்கிய டாடா ஏஸ், 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலீரோ பிக்கப் ஆகியவை இந்தச் சாலைகளில் அன்றாடம் ஓடுபவை. இரண்டு மூன்று கை மாறிய வண்டிகளும் இவற்றில் நிறைய உண்டு. வண்டி பட்டறையில் நிற்கும் நாளில் வாடகை வராது. மாதத் தவணை மட்டும் வந்துவிடும். அதனால்தான் பிரிப்பதற்கு முன்பு சத்தத்தின் காரணத்தைத் தேடுவது அவசியமாகிறது.

இயல்பான சத்தம் எது?

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை பிஸ்டன் ஏறக்குறைய 15 முதல் 22 மடங்கு வரை அழுத்துகிறது. அந்த அழுத்தத்திலேயே காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதில் நாசில் வழியாகப் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. ஆனால் டீசல் உள்ளே விழுவதற்கும் பற்றுவதற்கும் நடுவே ஒரு கணத் தாமதம் உண்டு. அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் ஒரே சமயத்தில் எரியும்போது அழுத்தம் திடீரென ஏறுகிறது. டீசல் வண்டிக்கே உரிய ‘கடகட’ சத்தம் இதுதான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தாமதம் கூடும், சத்தமும் கூடும். மார்கழிக் காலையில் மலையடிவாரத் தோப்பில் முதல் ஸ்டார்ட்டில் கேட்கும் சத்தம், எஞ்சின் சூடானதும் அடங்கிவிட்டால் அது கோளாறு ஆகாது.

வண்டிக்கு வண்டி இயல்பும் மாறும். முதலில் வந்த டாடா ஏஸில் இருப்பது 702 சிசி கொள்ளளவுள்ள இரண்டு சிலிண்டர் எஞ்சின். ஐட்லிங்கில் அதற்கு ஆட்டம் அதிகம். தோஸ்தில் மூன்று சிலிண்டர்; 2523 சிசி பொலீரோ பிக்கப்பில் நான்கு. சிலிண்டர் கூடக் கூட ஓட்டம் சீராகும். எனவே தினமும் ஓட்டுபவரின் காதுக்குப் புதிதாகப் படுகிற சத்தமே கவனிக்க வேண்டிய சத்தம்.

எஞ்சினிலிருந்துதான் வருகிறதா?

எஞ்சின் சத்தம் என்று பட்டறைக்கு வரும் எல்லாமே எஞ்சினில் பிறப்பதில்லை. வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதிக்க வேண்டும். நின்ற இடத்திலேயே அதே சத்தம் கேட்டால் தேட வேண்டியது எஞ்சினையும் அதோடு சேர்ந்து சுழல்பவற்றையும். ஓடும்போது மட்டும் கேட்டால் ஒரே வேகத்தில் கியரை மாற்றிப் பார்க்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் – ராஜபாளையம் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் சத்தத்தின் வேகம் ஒன்றாகவே இருந்தால், அது எஞ்சின் சுழற்சியைச் சார்ந்ததல்ல. புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ், கிரவுன், வீல் பேரிங் என்று பின்பக்கம் பார்க்க வேண்டும்.

அடுத்தது கிளட்ச். மிதித்தவுடன் சத்தம் எழுந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங் மீது சந்தேகம் விழும். மிதித்தவுடன் அடங்கினால் கியர் பாக்ஸின் முன் ஷாஃப்ட் பேரிங்கைப் பார்க்க வேண்டும். ஐட்லிங்கில் கேபின் முழுவதும் அதிர்ந்து, வேகம் ஏறியதும் அடங்கினால் எஞ்சின் மவுண்டிங் ரப்பர் நைந்திருக்கலாம். இவை எதற்கும் எஞ்சினைத் தொட வேண்டியதில்லை.

குளிரில், சூட்டில், லோடில்

தேய்ந்த பிஸ்டனுக்கும் லைனருக்கும் இடையே உள்ள இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதிகம். பிஸ்டன் பக்கவாட்டில் லைனரில் மோதி மந்தமாகத் தட்டும். சூடானதும் பிஸ்டன் விரிந்து சத்தம் குறையும். மேனிஃபோல்டு கேஸ்கட் வழியாகப் புகை கசியும் ‘டிக் டிக்’ சத்தமும் இப்படியே குளிரில் கூடுதலாகவும் சூட்டில் குறைவாகவும் கேட்கும். இதைப் பலர் டேப்பட் சத்தம் என்று தவறாக நினைப்பதுண்டு. மேனிஃபோல்டு சேரும் இடத்தில் கரி படிந்திருந்தால் கசிவு உறுதி.

கனெக்டிங் ராடு பேரிங்கும் கிராங்க் மெயின் பேரிங்கும் இதற்கு நேர்மாறு. குளிரில் ஆயில் கெட்டியாக இருந்து இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். சூட்டில் ஆயில் இளகியதும் கனமான ‘டொக் டொக்’ வெளிப்படும். லோடு ஏறினால் அது இன்னும் பலக்கும். ராஜபாளையத்திலிருந்து சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வழியாகச் செங்கோட்டை வரை சாலை பெரும்பாலும் சமதளம். அதைத் தாண்டிப் புளியரை ‘எஸ்’ வளைவில் கேரளத்தை நோக்கி ஏறும்போதுதான் எஞ்சின் முழு பாரத்தையும் இழுக்கிறது. அதுவரை அமைதியாக இருந்த பேரிங் அங்கே தட்டத் தொடங்கினால், மாங்காய் லோடின் மீது பழி போட்டுவிட்டு மேலே ஏறக் கூடாது.

அடிக்கும் வேகம்

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுத்தான் சுற்றும். ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் கிராங்க் விநாடிக்குச் சுமார் 13 முறையும் கேம் சுமார் ஏழு முறையும் சுழலும். ஒரே ஒரு டேப்பட் தளர்ந்திருந்தால் அதன் ‘டிக்’ கேமின் வேகத்தில், நிதானமாகப் பிரித்துக் கேட்கும்படி வரும். கிராங்க்கோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீல், புல்லி போன்றவற்றின் கோளாறு பொதுவாக அதன் இரு மடங்கு வேகத்தில் கேட்கும். மெல்லிய கூர்மையான ஒலி பெரும்பாலும் எஞ்சினின் மேல்பகுதியிலிருந்தும், கனத்த ஒலி கீழ்ப்பகுதியிலிருந்தும் வரும்.

இடம் தேடும் ஸ்க்ரூ டிரைவர்

இரும்பு வழியாக ஒலி தெளிவாகக் கடக்கும். அதனால் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் மீது ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பது மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். மருத்துவர்களின் ஸ்டெதஸ்கோப் மாதிரியில் நீண்ட இரும்புக் கம்பி பொருத்திய கருவியும் உண்டு. வால்வு கவர், ஒவ்வொரு நாசிலின் அருகு, டைமிங் கவர், ஆயில் சம்ப், வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் என்று வரிசையாக வைத்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் சத்தம் மற்ற இடங்களைவிடக் கூர்மையாகும். ஃபேன், பெல்ட் பக்கம் துண்டோ தளர்ந்த சட்டைக் கையோ போகாமல் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

சத்தம் முன்பக்கம் என்று தெரிந்தால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். சத்தம் நின்றுவிட்டால் வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், ஃபேன் ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். ஒவ்வொன்றையும் கையால் சுற்றினால் சொரசொரப்போ ஆட்டமோ விரலுக்கே தெரியும். பம்ப்பின் அடியில் கூலன்ட் ஒழுகிய தடமும் இருக்கலாம். பெல்ட் இல்லாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது; தண்ணீர் சுற்றாமல் எஞ்சின் சூடேறும். சில வண்டிகளில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே இருப்பதால், பெல்ட் இல்லாத வண்டியை நகர்த்தவே கூடாது. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் அதைத் தொடவும் கூடாது.

எந்த சிலிண்டர்?

சத்தம் எந்த சிலிண்டரில் என்பதைப் பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினில் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஐட்லிங்கில் ஒரு நாசில் பைப்பின் நட்டை மட்டும் ஸ்பேனரால் சற்றுத் தளர்த்தினால் அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. எஞ்சின் சற்றுத் தடுமாறும். சத்தத்தில் மாற்றம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, நட்டை இறுக்கி அடுத்ததற்குப் போக வேண்டும். சத்தம் நன்றாகக் குறைந்தால் அந்த சிலிண்டரின் நாசில், பிஸ்டன், ராடு பேரிங் ஆகியவற்றில் ஒன்றில்தான் கோளாறு. எதைத் தளர்த்தினாலும் மாறாத ‘டிக் டிக்’ டேப்பட்டாகவோ டைமிங் செயினாகவோ இருக்கலாம்.

நாசிலா, ராடா என்ற சந்தேகத்தையும் பிரிக்காமலே தீர்க்கலாம். சந்தேகப்படும் நாசிலைக் கழற்றிப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட வேண்டும். சத்தமும் கூடவே இடம் மாறினால் நாசில்தான் குற்றவாளி. டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் அதைச் சோதித்துச் சரிசெய்தால் போதும். சத்தம் பழைய சிலிண்டரிலேயே நின்றால் தேய்மானம் உள்ளே இருக்கிறது.

காமன் ரெயில் எஞ்சினில் இந்தப் பைப்பைத் தளர்த்தும் சோதனை கூடவே கூடாது. அதில் டீசலின் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்கையும் தாண்டக்கூடும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அந்த வண்டிகளுக்கு ஸ்கேனர் கருவி மூலம் சிலிண்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதே முறை. பழைய எஞ்சினிலும் கையைத் தள்ளி வைத்து, துணியால் மூடி, சூடான சைலன்சர் மீது டீசல் சிந்தாமல் செய்ய வேண்டும்.

ஆயில் காட்டும் சாட்சி

எந்தச் சோதனைக்கும் முன்பு ஆயில் அளவைப் பார்த்துவிட வேண்டும். குறைந்திருந்தால் நிரப்பிவிட்டுத்தான் மற்றது. அளவு ஏறியிருந்தால் டீசல் கலந்து ஆயில் நீர்த்திருக்கலாம். பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பிரஷர் சுவிட்சைக் கழற்றி அங்கே ஒரு கேஜ் பொருத்தினால், சூடான ஐட்லிங்கில் பிரஷர் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு நிற்கிறதா என்று தெரியும். அதற்குக் கீழே விழுந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம். ஆயில் பம்ப்பும் வலுவிழந்திருக்கலாம்.

முக்கியமான சாட்சி ஆயில் ஃபில்டருக்குள் இருக்கிறது. கழற்றிய ஃபில்டரை வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை எடுத்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு வெயிலில் விரித்துப் பார்க்க வேண்டும். கறுப்புக் கசடு சாதாரணம். மடிப்புகளின் இடையே மின்னும் துகள்கள் இருந்தால் காந்தத்தை அருகில் கொண்டுபோகலாம். காந்தத்தில் ஒட்டுபவை லைனர், ரிங், கேம் போன்ற இரும்புப் பாகங்களிலிருந்து உதிர்ந்தவை. ஒட்டாமல் வெள்ளி நிறத்திலோ செம்பு நிறத்திலோ மின்னுபவை பெரும்பாலும் பேரிங்கிலிருந்து வந்தவை. மேலே உள்ள வெள்ளி நிறப் பூச்சு தேய்ந்து அடியிலிருக்கும் செம்புப் பகுதி தெரியத் தொடங்கிய பேரிங் அதிக நாள் தாங்காது.

ஓட்டலாமா, நிறுத்தலாமா?

டேப்பட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து, அந்த எஞ்சினுக்கு உரிய அளவில் சரிசெய்வது ஒரே நாளில் முடியும் வேலை. மேனிஃபோல்டு கேஸ்கட், பெல்ட், மவுண்டிங் ரப்பர், வாட்டர் பம்ப் போன்றவையும் அப்படியே. குளிரில் மட்டும் தட்டும் பிஸ்டன், ஆயில் செலவும் புகையும் கூடாதவரை, லோடைக் குறைத்து ஓட்டக்கூடியது.

சூட்டிலும் லோடிலும் பலக்கும் ‘டொக் டொக்’, எரியும் ஆயில் விளக்கு, ஃபில்டரில் பேரிங் துகள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். அந்த நிலையில் பேரிங் செட்டை மாற்றி, கிராங்க்கைக் கிரைண்டிங் செய்து, எஞ்சினைக் காப்பாற்றிவிடலாம். அதையும் மீறி ஓட்டினால் ராடு ஒடிந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரக்கூடும். பிறகு பழுது பார்க்க எஞ்சினே மிஞ்சாது. பட்டறைக்குப் போகும்போது சத்தம் எப்போது, எந்த கியரில், லோடோடா, காலியாகவா, சூட்டிலா, குளிரிலா என்பதை ஓட்டுநர் எழுதி எடுத்துப்போனால் மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்துவிடும். தேவையில்லாமல் எஞ்சினை இறக்கும் செலவும் மிச்சமாகும்.