உங்களுக்குத் தெரியுமா? மானும் மழுவும்

● சிவபெருமானின் ஒரு கையில் மழு, மறு கையில் மான். திருவண்ணாமலையின் அடி அண்ணாமலைக் கோயிலில் கும்பிட்டுவிட்டு கிரிவலப் பாதையில் விடியற்காலையில் நடப்பவர்கள், மலையடிக் காட்டுக்குள் கொஞ்சம் கண்ணை ஓட்டினால் உயிருள்ள மானையே பார்க்கலாம். புள்ளிமான். காது இரண்டும் நம் பக்கம் திரும்பியிருக்கும், கால் நான்கும் ஓடத் தயாராக இருக்கும்.

● மான் வேட்டைக்கு நம் நாட்டில் சட்டப்படி உரிமம் கிடைத்த காலம் ஒன்று உண்டு. அரசர் காலத்தையோ வெள்ளைக்காரர் காலத்தையோ சொல்லவில்லை. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே வேட்டை உரிமத்துக்கு இடம் வைத்திருந்தது. விலங்குகளைத் தரம் பிரித்து, தரத்துக்கு ஒரு உரிமம். புள்ளிமானும் கடமானும் ‘பெரிய வேட்டை விலங்கு’ பட்டியலில் இருந்தன.

● உரிமம் வாங்கிவிட்டால் எதைக்கொண்டும் கொல்லலாம் என்று அந்தச் சட்டம் விட்டுவிடவில்லை. அதன் 17-ஆம் பிரிவை நிதானமாகப் படிக்க வேண்டும். பெரிய விலங்குகளை ரைபிளால் மட்டுமே சுடலாம். ஷாட்கன் என்றால் தனி அனுமதி வேண்டும், அதிலும் ஒற்றைக் குண்டுதான். சிதறும் ரவை மானை உடனே கொல்லாமல் காயப்படுத்திவிடலாம். காயம்பட்ட மான் புதருக்குள் கிடந்து நாள்கணக்கில் சாகும். கண்ணி, வலை, குழி, விஷம், வெடி எல்லாமே கூடாது. வண்டியில் துரத்தக் கூடாது. இரவில் கூடாது. மானின் கண்ணில் விளக்கடித்துத் திகைக்க வைத்துச் சுடக் கூடாது. தண்ணீர் குடிக்கும் இடத்திலும், அதற்குப் போகும் தடத்திலும் காத்திருந்து அடிக்கக் கூடாது. புதருக்குத் தீ வைத்து விரட்டக் கூடாது. மானின் மேல் நாயை ஏவக் கூடாது.

● அதற்கு முந்தைய 15-ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. குட்டியையும் பெண் விலங்கையும் தனி அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. கொம்பின் மேல் இன்னும் தோல் போர்த்தியிருக்கும் மானையும் தொடக் கூடாது. ஆண் மானின் கொம்பு விழுந்து மறுபடி முளைக்கும்போது அதன்மேல் மெத்தென்ற தோல் இருக்கும். கொம்பு முற்றியபின் உரிந்துபோகும். அந்தப் பருவம் வரைக்கும் யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

● ‘எந்த ஆயுதம் நியாயம்?’ என்ற சச்சரவு அமெரிக்காவில் இன்னும் ஓயவில்லை. அங்கே பல மாநிலங்களில் வில்லுக்கு ஒரு வேட்டைப் பருவம், குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிக்கு ஒரு பருவம், நவீனத் துப்பாக்கிக்கு ஒரு பருவம். குறுக்குவில்லை வில் பருவத்தில் சேர்ப்பதா கூடாதா என்பதே பெரிய வழக்கு. இங்கிலாந்திலோ கதை தலைகீழ். 1991-ஆம் ஆண்டின் மான் சட்டம், மானின் மேல் அம்பு எய்வதையே தடை செய்கிறது. ஜெர்மனியிலும் அப்படித்தான். ஓரிடத்தில் வில்தான் நேர்மையான ஆயுதம். இன்னோர் இடத்தில் அதே வில் கொடுமை.

அமெரிக்காவிலேயே ஒகையோ, அயோவா போன்ற மாநிலங்களில் நெடுங்காலம் மான் வேட்டைக்கு ரைபிளை விடாமல் ஷாட்கன் போன்றவற்றையே அனுமதித்தார்கள். சமவெளி, ரைபிள் குண்டு வெகுதூரம் போய் யார் வீட்டிலாவது பாயும் என்ற பயம். நம் சட்டம் மானின் வலியைப் பார்த்து ரைபிளைக் கேட்டது. அவர்கள் சட்டம் மனிதரின் உயிரைப் பார்த்து ரைபிளை மறுத்தது.

● தமிழ்நாட்டில் வேட்டைக்குக் கட்டுப்பாடு கேட்டவர்களில் வேட்டைக்காரர்களும் உண்டு. நீலகிரியில் 1877-ல் அவர்கள் சங்கம் கண்டார்கள். 1879-ல் சட்டம் வந்தது. சுட்டுத் தள்ளினால் நாளைக்குச் சுட எதுவும் மிஞ்சாது என்ற கவலைதான் காரணம். அந்தச் சங்கம் பெயர் மாறி, வனவிலங்குக்கான அமைப்பாக இன்றும் ஊட்டியில் இருக்கிறது.

● 1991-ல் சட்டத்தைத் திருத்தி, உரிமம் கொடுத்து வேட்டையாட விடும் பிரிவுகளையே எடுத்துவிட்டார்கள். மானைப் பொறுத்தவரை ‘எந்த ஆயுதம்’ என்ற கேள்வி அன்றோடு முடிந்தது. எந்த ஆயுதமும் இல்லை என்பதே பதில். புள்ளிமான் என்றால், மீறியவனுக்கு மூன்றாண்டு வரை சிறை. அபராதம் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம்.

● சட்டம் முடித்துவைத்தாலும் ஆயுதங்கள் ஓயவில்லை. எங்கள் மாவட்டத்து ஜவ்வாது மலையில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாங்களாகவே ஒப்படைக்கும்படி காவல்துறை அவ்வப்போது கேட்டுக்கொள்ளும். துப்பாக்கியாவது சத்தம் போடும். சுருக்குக் கம்பியும், திருட்டு மின்சாரம் பாய்ச்சிய வேலியும் சத்தமே போடாது. தீனிக்குள் வெடியை மறைத்துப் பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் எந்த வாயில் வெடிக்கும் என்று வைத்தவனுக்கே தெரியாது. இலங்கையில் ‘கட்டுத்துவக்கு’ என்று ஒன்று உண்டு. தடத்தில் கட்டிவைத்த கம்பியில் கால் பட்டால் தானே சுடும். மானின் காலா மனிதரின் காலா என்று அது பார்ப்பதில்லை.

● நாயைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் ஒரு பெருமை உண்டு. எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது, 7-ஆம் நூற்றாண்டு. மாடு மீட்கும் சண்டையில் இறந்த வீரனோடு அவன் நாயும் கல்லில் நிற்கிறது. கள்வரைக் கடித்து எஜமானனுக்குக் காவல் நின்றதாகச் சொல்லும் கல்வெட்டு, அதன் பெயரையும் பதிந்திருக்கிறது: கோவிவன். பதின்மூன்று நூற்றாண்டுக்கு முன்பே நாய்க்குப் பெயர் வெட்டி வைத்த மண் இது.

● அதே மண்ணில் இன்று மானுக்கு எமன், தெருநாய். கோடையில் மலையில் நீர் வற்றும். தண்ணீர் தேடி மான் கீழே இறங்கும். ஒரு பக்கம் நாய்க்கூட்டம், மறுபக்கம் கிரிவலச் சாலையில் விரையும் வண்டிகள். மலையில் தீப்பிடிக்கும் நாட்களில் குட்டியோடு இறங்கும் மான்களுக்கு ஒதுங்க இடமே இருக்காது. 17-ஆம் பிரிவை மறுபடி ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நாய், வண்டி, இரவு, தண்ணீர்த் தடம், தீ. பணம் கட்டி உரிமம் வாங்கியவனுக்கே ஆகாது என்று 1972-ல் விலக்கியவை. இங்கே ஒரு வேட்டைக்காரனும் இல்லாமலே அத்தனையும் நடக்கிறது. எனக்கு இது தாங்க முடியாத வருத்தம்.

● நாயின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது. குட்டியாகக் கொண்டுவந்து தெருவில் விட்டவர்கள் நாம். அன்னதானத்து மிச்சத்தை இலையோடு காட்டோரம் கொட்டி அங்கேயே கூட்டம் சேர வைத்தவர்களும் நாம். ரமணாச்சிரமத்தில் லட்சுமி என்ற பசு, வள்ளி என்ற மான், ஒரு காகம், ஜாக்கி என்ற நாய் என்று நான்குக்கும் சமாதி இருக்கிறது. மானையும் நாயையும் ஒன்றாகவே வைத்துப் போற்றிய இடம் இந்த மலையடி.

● கிரிவலம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் 14 கிலோமீட்டரில் காட்டோரமாக உணவைக் கொட்டாதீர்கள். மலைமேல் கற்பூரம், பீடி, தீக்குச்சி வேண்டாம். இரவில் வண்டி ஓட்டினால் வேகத்தைக் குறையுங்கள். அடிபட்ட மானைக் கண்டால் செல்போனில் படம் எடுப்பதற்கு முன் வனத்துறைக்குச் சொல்லுங்கள். எங்கள் ஊர்க்காரர்களே, வீட்டு நாயை இரவில் கட்டிப் போடுங்கள். தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும்படி உள்ளாட்சியிடம் கேளுங்கள். இந்தக் கோடைக்கு முன்பே கேளுங்கள்.