பிடித்தால் எரியும், விட்டால் அணையும்

தை மாதத்தில் கண்டியின் விடிகாலை வெப்பம் 18 பாகைக்கு இறங்கிவிடும். நுவரெலியாக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில், மகாவலிப் பக்கத்துப் பனிமூட்டத்தில் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பும் வீட்டுக்குச் சுடுதண்ணீர் ஆடம்பரம் இல்லை. கேஸ் ஹீட்டர் திருத்தும் பாஸ்மாருக்கு அந்த நாட்களில் வரும் முறைப்பாடும் பெரும்பாலும் ஒன்றுதான்: "பாஸ், அமத்திப் பிடிச்சா எரியுது. கைய எடுத்தா அணைஞ்சிருது."

இதைக் கோளாறு என்று மட்டும் நினைப்பது தவறு. பைலட் எனும் சிறு சுடரின் அருகே ஈர்க்குக் கனத்தில் ஒரு செப்புக் குழாயின் முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் தெர்மோகப்பிள். வேறுவேறான இரண்டு உலோகங்களைச் சேர்த்து, சேர்ந்த இடத்தைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும் என்பதை ஜெர்மனியில் சீபெக் 1821இல் கண்டார். அந்த முனையில் பிறப்பது 20 முதல் 30 மில்லிவோல்ட் வரைதான். டோர்ச் பேட்டரி ஒன்றின் ஐம்பதில் ஒரு பங்குகூட அனேகமாகத் தேறாது. அந்த அற்ப மின்சாரமே வால்வுக்குள் இருக்கும் மின்காந்தத்தைப் பிடித்து வைத்து கேஸை ஓட விடுகிறது. சுடர் அணைந்தால் முனை குளிரும், காந்தம் விடும், ஸ்பிரிங் வால்வை மூடும். சுடர் இருப்பது உறுதியாகும் வரை கேஸைத் திறக்க மாட்டேன் என்கிறது அது. ஓவன் உள்ள கேஸ் அடுப்புகள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான்.

அப்படியானால் நன்றாக எரியும்போதும் ஏன் விட்டுவிடுகிறது? முதலில் சுடரைப் பாருங்கள். நீலமாக, உறுதியாக நின்று முனையின் மேல் ஒரு சென்ரிமீற்றரைச் சுற்றித் தழுவ வேண்டும். மஞ்சளாகச் சோர்ந்து ஆடினால் பைலட்டின் நுண்துளையில் அடைப்பு. மலைநாட்டு வீடுகளில் இதற்குச் சிலந்தியும் குளவியும் பெரிய காரணம். மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஹீட்டரில் சிலந்தி கூடு கட்டியிருக்கும். காற்றால் ஊதி எடுக்கலாம். ஊசியை விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகிவிடும், பிறகு அந்தப் பாகமே போச்சு. முனையில் கரி படிந்திருந்தால் மென்மையான சேண்ட் பேப்பரால் லேசாகத் துடைத்தால் போதும்.

அடுத்து வால்வுப் பக்கத்து நட்டு. அது தளர்ந்திருந்தால் இந்த அற்ப மின்சாரம் போய்ச் சேராது. கையால் இறுக்கி ஸ்பேனரால் கால் சுற்று கொடுத்தால் முடிந்தது. அதற்கு மேல் முறுக்கினால் உள்ளே இருக்கும் தொடுமுனை நசுங்கும். அதுவும் சரி என்றால் மல்டிமீட்டர்தான் தீர்ப்புச் சொல்லும். சுடரில் சூடான முனை பத்து மில்லிவோல்ட்கூடக் காட்டவில்லையென்றால் மாற்ற வேண்டும். பற்றவைத்ததும் குமிழை அரை நிமிடம் அமர்த்திப் பிடிக்காமல் அவசரமாக விடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் பாஸ் தேவையில்லை, பொறுமை தேவை.

சிலிண்டரையும் மறக்கக் கூடாது. நம் எல்.பி. கேஸ் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் கொதிப்பது மைனஸ் 42 பாகையில், பியூட்டேன் மைனஸ் அரைப் பாகையில். 20 பாகை வெப்பத்தில் புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. முதலில் ஆவியாகித் தீர்வது புரொப்பேன்தான்; சிலிண்டரின் அடியில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். ஹீட்டர் கேஸை வேகமாக இழுக்கும்போது சிலிண்டர் மேலும் குளிர்ந்து, புறத்தில் நீர் கோக்கும். முடியப்போகும் சிலிண்டரில் அதிகாலையில் பைலட் சோர்வதும், மதியம் நன்றாக எரிவதும் இதனால்தான்.

இந்தக் கலவை விகிதம் நாட்டுக்கே தெரியவந்தது 2021 கடைசியில். நவம்பரில் தொடங்கி வீடுகளில் கேஸ் தீ, வெடிப்புச் செய்திகள் தொடர்ந்து வந்தன. கலவை மாறியதா என்ற கேள்வி எழுந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையில் ஜனாதிபதி குழு அமைத்தார். அழுத்தம் கூடினால் தேய்ந்த ரெகுலேட்டரும் பழைய ஹோஸும் முதலில் காட்டிக்கொடுக்கும் என்பது அப்போது பலருக்கும் விளங்கியது. ஆனால் தெர்மோகப்பிளைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. அது எனக்கு இன்றும் ஒரு குறை.

ஏனென்றால் நம்மூரில் இன்னொரு வைத்தியம் இருக்கிறது: "கம்பியக் கட்டி விடுங்க பாஸ், எரிஞ்சா சரி." குமிழைக் கம்பியால் கட்டியோ, வால்வைச் செயலிழக்கச் செய்தோ ஹீட்டரை ஓட்டுவது. கேட்பவர் மேல் கோபம் வருவதில்லை. செய்து கொடுப்பவர் மேல் வருகிறது. சுடர் அணைந்த பிறகும் கேஸ் வரும். அது காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கண்டியின் அன்னிவத்தையிலோ ஹந்தானைச் சரிவிலோ தெரு மட்டத்துக்குக் கீழே சமையலறை இருக்கும் வீட்டில் அது படியிறங்கித் தரையில் தேங்கும், ஜன்னல் வழியாகப் போகாது. அணைந்ததும் திரும்பப் பற்றவைக்குமுன் வாசம் அடங்கும் வரை, குறைந்தது ஐந்து நிமிடம், கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பது அதனால்தான்.

சில ஹீட்டர்களில் பைலட் அணைவதற்கு வேறு காரணமும் உண்டு. அறையில் ஒட்சிசன் ஏறத்தாழ 18 வீதமாகக் குறைந்தால் சுடர் முனையை விட்டு விலகி, ஹீட்டர் தானே அணையும்படி வடிவமைத்திருப்பார்கள். கதவைச் சாத்திய பிறகே அணைகிறது என்றால் தெர்மோகப்பிளை மாற்ற ஓடாமல் ஜன்னலைத் திறவுங்கள். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர், அதாவது சுடுதண்ணீர் ஹீட்டர், கார்பன் மொனொக்சைடை உண்டாக்கும், அதற்கு மணமில்லை. குளிக்கப் போனவர்கள் மயங்கி விழும் நிலைக்கு இந்திய நரம்பியல் மருத்துவர்கள் 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

புதிய தெர்மோகப்பிள் வாங்கப் போகும்போது பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். நீளமும் வால்வுப் பக்கத்து மரையும் ஹீட்டருக்கு ஹீட்டர் வேறுபடும். மாற்றியதும் கேஸ் குழாய்களின் ஒவ்வொரு இணைப்பிலும் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி கிளம்பினால் பற்றவைக்க வேண்டாம்.