மண்ணெண்ணெய் எரிந்த அறை

1990களில் யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் கார் வருவதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். மண்ணெண்ணெய் மணம் காட்டிக்கொடுத்துவிடும். பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலம். காபரேட்டருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு எஞ்சினை ஸ்ரார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. அதற்குத்தான் அந்த நாலு துளி.

பெற்றோல் வண்டி இதை எப்படித் தாங்கியது? எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால் விடை தெரியும். பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கையில் அதன் தலைக்கு மேல் எஞ்சும் சின்ன இடம்தான் தகன அறை. 1952 முதல் மொறிஸ் மைனரில் வந்த 803 சிசி எஞ்சினின் நெருக்கல் விகிதம் 7.2. அதாவது, உள்ளே வந்த காற்று, எரிபொருள் கலவை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகத்தான் நெருக்கப்பட்டது. அதிகம் நெருக்கினால் மண்ணெண்ணெய் பொறுக்காது. பிளக்கில் எழுந்த சுவாலை வந்து சேருமுன்பே மூலையில் கிடக்கும் கலவை தானாக வெடிக்கும், எஞ்சின் 'தட்டும்'. இந்த எஞ்சினுக்குப் பொறியியலாளர் ஹரி வெஸ்லேக் வகுத்த இதய வடிவ அறையில் சுவாலை ஓடவேண்டிய தூரம் குறைவு. விளிம்பின் ஒடுங்கிய இடுக்கு கலவையைப் பிதுக்கிப் பிளக்கின் பக்கம் தள்ளும். அதில் எழும் சுழிப்பு எரிதலை விரைவாக்கும். யாழ்ப்பாணத்து மெக்கானிக்மார் தட்டலைக் காதால் அளந்து பற்றவைக்கும் நேரத்தைப் பின்தள்ளினார்கள். அந்தக் கைப்பழக்கத்தை நான் பெரிய பொறியியலாகவே மதிக்கிறேன்.

இயற்கை வாயுவின் குணம் மண்ணெண்ணெய்க்கு நேர்மாறு. அதில் பெரும்பங்கான மீதேன் லேசில் தட்டாது. தட்டலைத் தாங்கும் திறனைச் சொல்லும் ஒக்ரேன் எண் அதற்கு 120ஐ ஒட்டியது. ஆனால் மெதுவாக எரியும். அதை 7.2 விகித அறையில் எரிப்பது வீண்செலவு. ஏட்டுக் கணக்கில் விகிதம் 7 என்றால் வினைத்திறன் 54 வீதம். 12 என்றால் 63 வீதம். நிஜ எஞ்சின் இதைவிட வெகுவாகக் குறைவாகவே தரும், என்றாலும் ஏறும் திசை அதுதான். எனவே வாயு எஞ்சினில் விகிதத்தைக் கூட்டி, மெதுவான எரிதலை விரைவாக்கப் பிஸ்டன் தலையில் கிண்ணம்போலக் குழி வெட்டி, சுற்றிலும் ஒடுங்கிய விளிம்பு விட்டு, கலவையைச் சுழலவைக்கிறார்கள். சுழற்சி மிஞ்சினால் வெப்பம் சுவர்களுக்குப் போய்விடும். இடுக்குகள் கூடினால் எரியாத மீதேன் புகையோடு வெளியேறும்; அது காபனீரொட்சைட்டைவிடப் பலமடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு.

மன்னார்ப் படுகையில் 2011இல் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது. அது ஒருநாள் நம் கரைக்கு வந்தால், பழைய பெற்றோல் எஞ்சினுக்கு வாயுக்குழாயைப் பூட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். முதலில் ஹெட்டைக் கழற்றி அறையைப் பாருங்கள்.