ஏய்க்கும் காளான்

காட்டுக் காளானை இனங்கண்டு பெயர் சொல்வது வெறும் பொழுதுபோக்கு அன்று. அது உயிரோடு தொடர்புடைய செயல். 2022 ஏப்ரலில் அசாமில் நச்சுக் காளானை உண்டு பதின்மூவர் மாண்டனர். ஆகவே இனங்காணும் முறையை நண்பர்களுக்குச் சிறிது விளக்க விழைகின்றேன்.

நான் தங்கியிருக்கும் சாணக்யபுரியை அடுத்த ரிட்ஜ் காட்டில் சீமைக்கருவேலமே மிகுதி. பைன் சருகைக் காண மலைக்குத்தான் செல்லவேண்டும். விடுமுறையில் நீலகிரி சென்றிருந்தபோது, பைன் தோப்பொன்றில் சருகைத் துளைத்துக்கொண்டு சில காளான்கள் நிற்கக் கண்டேன். விரல் நீளக் காம்பு; காசளவு குடை.

நிறத்தைக் கொண்டு பெயர் சொல்லலாமா? கூடாது. நனைந்த குடை செங்கல் நிறம். அதுவே உலர்ந்தால் வெளிறிய மஞ்சள். ஆங்கிலேயர் இதனை 'ஏய்ப்பவன்' என்றழைப்பது இதனால்தான்.

பின் எதை நம்புவது? குடையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் இளஞ்சிவப்பான தடித்த தகடுகள் இடைவெளி விட்டு நிற்கும். குடையைக் காம்பினின்று அறுத்து, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின்மேல் வைத்து, டம்ளரால் மூடி ஓரிரவு விடுங்கள். ஸ்போர் எனும் நுண்ணிய வித்துகள் தூளாக உதிர்ந்து படியும். என் தாளில் படிந்தது வெள்ளை. அதனால் ஒரு பெரும் ஐயம் நீங்கிற்று. ஊசியிலைக் காடுகளின் மட்கிய மரத்தில் முளைக்கும் கலெரினா மார்ஜினாட்டாவும் இதுபோன்ற சிறு காளானே. ஆனால் கல்லீரலை அழிக்கும் நஞ்சுடையது. அதன் தூள் இரும்புத் துருவின் நிறம்.

தில்லி திரும்பி நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒவ்வொரு வித்தும் முள் நிறைந்த உருண்டை! எனவே இது லக்காரியா என்னும் பேரினம். இதனுள் லக்காட்டா என்னும் இனத்தை 1772இல் ஸ்கோபோலி விவரித்தார். நீலகிரிப் பைன் வேரோடு அது கூடிவாழ்வதை மோகன், நடராஜன், இங்கிள்பை ஆகியோர் 1993இல் ஆராய்ந்து எழுதினர். ஆயினும் என்னிடமிருப்பது லக்காட்டாவே என்று துணியமாட்டேன். நெருங்கிய இனங்களைப் பிரித்தறிய மரபணுச் சோதனை வேண்டும்.

வெள்ளைத் தூள் என்றால் உண்ணலாம் என எண்ணிவிடாதீர்கள். கொடிய அமானிட்டா ஃபல்லாய்டிசின் தூளும் வெண்மையே. வேகவைத்தாலும் அந்நஞ்சு போகாது. வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் நல்ல காளான் என்பதும் வெறுங்கதை. உண்டு ஆறு மணி நேரத்திற்குப் பின்னரே பெரும்பாலும் வாந்தி தொடங்கும். அதற்குள் நஞ்சு உடலில் ஊறிவிடும்.

ஐயமுள்ள காளானைத் தாளில் வையுங்கள். சோற்று இலையில் வைக்காதீர்கள்.